நாலு வயதுப் பையனோடு சிங்கப்பூர்: ஸ்ட்ரோலர் எடுத்துப் போவதா, வேண்டாமா?

கேள்வி: டிசம்பரில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து நாள், அங்கிருந்து கோலாலம்பூருக்கு இரண்டு நாள் போகிறோம். நான், கணவர், மாமியார், நாலு வயது மகன். பையன் நன்றாக நடப்பான், ஓடுவான். ஸ்ட்ரோலரில் (பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியில்) உட்கார்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வீண் சுமை என்கிறார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. எடுத்துப் போவதா, வேண்டாமா?

பதில்:

எடுத்துப் போங்கள். ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிப் பரணில் போட்டு வைத்த வண்டி வேண்டாம். அது ஏன் என்று கீழே சொல்கிறேன். கோலாலம்பூருக்குக் கணக்கு வேறு, அதையும் சொல்கிறேன்.

நான் சிங்கப்பூரில் குடியிருப்பவள். விடுமுறை வந்தால் ஊரிலிருந்து யாராவது பிள்ளைகளோடு வருவார்கள். அவர்களை ஊர் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் கிளம்பும் முன் இதையேதான் கேட்பார்கள், "பிள்ளை நடப்பானா, மாட்டானா" என்பதிலேயே பேச்சு நின்றுவிடும். நாலு வயதுப் பிள்ளை நடப்பான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வெளியே இருக்கும்போது அவன் தூங்கிப்போனால் யார் தூக்குவது, எவ்வளவு தூரம், அறைக்குத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும்? உங்கள் பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை மட்டும் நாள்வாரியாகக் கேட்டுப் பாருங்கள். விடை தானாக வந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நாலு வயதுப் பையனின் நடுத்தர எடை 16 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், உயரம் 103 சென்டிமீட்டர். விழித்திருக்கும் பிள்ளையைத் தூக்குவது வேறு. அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான், இடுப்பில் காலைப் போட்டுப் பிடித்துக்கொள்வான், பாதிச் சுமையை அவனே தாங்குவான். தூங்கிவிட்டால் அந்த 16 கிலோவும் ஈரச் சாக்கு மாதிரி தொங்கும்.

முதல் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்க ஏறக்குறைய நாலு மணி நேரம். பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியற்காலையில் வந்து இறங்கும். பையன் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தூக்கக் கலக்கத்தில் இருப்பான், விமானத்தில் சாப்பாடு, விளக்கு, சத்தம் என்று மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். இறங்கியதும் குடிநுழைவு வரிசை. அது முடிந்து ஹோட்டலுக்குப் போனால் மணி எட்டோ ஒன்பதோ இருக்கும். பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஆனால் அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான். அதுவரை ஐந்தாறு மணி நேரம் நீங்கள் தெருவில்தான் இருக்க வேண்டும். தூக்கம் கெட்ட நாலு வயதுப் பிள்ளையை அந்த ஐந்தாறு மணி நேரம் எதில் படுக்க வைப்பீர்கள்? இந்த ஒரு காலை நேரத்துக்காக மட்டுமே வண்டி கொண்டுவரலாம் என்பேன்.

நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. பெரியவர்களுக்கு இது ஒன்றும் பெரிதல்ல, பிள்ளைக்குப் பெரிது. ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்கும் பையன் இங்கே பதினொன்றரை வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பான். மறுநாள் காலை எட்டு மணிக்கு நீங்கள் அவனை எழுப்பும்போது அவன் உடம்புக்கு அது விடிகாலை ஐந்தரை. மிருகக்காட்சிசாலை எட்டரை மணிக்குத் திறக்கிறது, வெயில் ஏறுமுன் போய்விடலாம் என்று எல்லோரும் திட்டம் போடுவார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ரயிலில் ஏறியதுமே பையன் மடியில் சாய்ந்துவிடுவான். வண்டி இருந்தால் அவன் வழியெல்லாம் தூங்கிவிட்டு, விலங்குகளைப் பார்க்கும் நேரத்தில் தெளிவாக எழுந்திருப்பான். இல்லாவிட்டால் அவனை எழுப்பி நடக்க வைப்பீர்கள், அழுவான், காலை முழுக்க அந்தச் சிணுங்கலோடே போகும்.

மூன்றாம் நாளிலிருந்து கதை மாறும். நேரம் பழகியிருக்கும், மதியத் தூக்கம் இருக்காது, நடையும் சேர்ந்து சாயங்காலத்தில் ஆளைச் சாய்த்துவிடும். போன விடுமுறைக்கு என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகனுக்கும் இதே வயது. "அவன் ஓடுற ஓட்டத்துக்கு வண்டி எதுக்குக்கா" என்று எடுத்து வரவில்லை. கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் ராட்சத மரங்களுக்கு அடியில் நடக்கும் ஒளிக் காட்சி 7.45க்கு ஒன்று, 8.45க்கு ஒன்று. இரண்டாவதைப் பார்த்தோம். பையன் மல்லாந்து படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவன், காட்சி முடிந்து விளக்குகள் அணையும் முன்பே தூங்கிவிட்டான். அங்கிருந்து பேஃபிரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் வரை தம்பி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். கூட்டம் மொத்தமும் அதே திசையில் போனது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தோள் மாற்றிக்கொண்டான். நிலையத்துக்குள் போன பிறகுதான் பையனின் ஒரு கால் செருப்பு இல்லை என்று தெரிந்தது. கூட வந்திருந்த எங்கள் அம்மா, முழங்கால் வலியோடு, அதைத் தேடித் திரும்பி நடந்தார்கள். ரயிலில் ஒரு பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். இறங்கிய பிறகு அறை வரை மறுபடி நடை. அடுத்த நாள் காலை தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மெர்லயன் சிலை பார்க்கப் போகவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போக இந்த ஊர் இடம் கொடுக்குமா என்பது அடுத்தது. கொடுக்கும், வேறெங்கும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காத அளவுக்குக் கொடுக்கும். எல்லா எம்ஆர்டி நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. டிக்கெட் வாசலில் அகலமான கேட் ஒன்று இருக்கும், அதன் வழியே வண்டியோடு போகலாம். எஸ்கலேட்டரில் மட்டும் வண்டியை ஏற்றாதீர்கள், அனுமதியும் இல்லை, ஆபத்தும் கூட. 2017 ஏப்ரல் முதல் பேருந்திலும் வண்டியை மடக்காமல் ஏற்றலாம். சக்கர நாற்காலிக்கென்று இருக்கும் இடத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியில் யாராவது ஏறினால் இடம் அவர்களுடையது, நீங்கள் மடக்கிவிட வேண்டும். லிஃப்ட் சில நிலையங்களில் ஒரு மூலையில் இருக்கும், நீங்கள் போக வேண்டிய வாசலுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடும். வரிசையும் இருக்கும். அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் சில நிமிடம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு மாமியாரும் வருவதால் எப்படியும் லிஃப்டைத்தான் தேடப் போகிறீர்கள், ஆகவே இது தனி நஷ்டமில்லை.

டாக்ஸி எடுத்தால் வண்டியை மடக்கி டிக்கியில் போட்டுவிடலாம். இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் காரில் போனால் குழந்தை இருக்கை கட்டாயம். மீட்டர் டாக்ஸிக்கு விலக்கு உண்டு. செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. அதனால் கிராப் செயலியில் கூப்பிடும்போது இருக்கையோடு வரும் கிராப்ஃபேமிலியையோ, டாக்ஸியையோ தேர்ந்தெடுங்கள். சாதாரணக் காரைக் கூப்பிட்டால் பிள்ளையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார். அவர் மேல் தப்பில்லை.

"போகிற இடத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொண்டால் என்ன?" இதுவும் எல்லோரும் கேட்பதுதான். மிருகக்காட்சிசாலையில் வாடகைக்குக் கிடைக்கும், யுனிவர்சல் ஸ்டூடியோஸிலும் கிடைக்கும். சாங்கி விமான நிலையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள், இறங்கியதும் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்த வண்டி எல்லாம் வாசலோடு சரி. பிள்ளை தூங்குவது பெரும்பாலும் எல்லாம் முடிந்து, கதவைத் தாண்டி, பேருந்துக்குக் காத்திருக்கும்போதுதான். அதற்கு அந்த வாடகை வண்டி உதவாது. ஒரு வாரத்துக்கு மொத்தமாக வாடகைக்குக் கொடுத்து ஹோட்டலிலேயே கொண்டுவந்து தருகிறவர்களும் இங்கே உண்டு. உங்களுக்குச் சிங்கப்பூர் மட்டும் என்றால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். நீங்கள் கோலாலம்பூர் வழியாக ஊர் திரும்புவதால், அந்தப் பயணத்துக்கும் சேர்த்துச் சொந்த வண்டியே வசதி.

வண்டி இடைஞ்சலாகும் இடங்களும் உண்டு. நம்மவர்கள் தவறாமல் போகும் லிட்டில் இந்தியா அதில் முதலாவது. பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை ஒன்று ஓடும். 1822ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வருவது அது. ஐந்தடி அகலம் என்று பெயர், ஆனால் பாதியைக் கடைச் சாமான் பிடித்துக்கொள்ளும். கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும், நடுநடுவே படி வரும். ஞாயிறு சாயங்காலம் சிராங்கூன் ரோடு முழுக்க விடுமுறைக்கு வந்த தொழிலாளர் கூட்டம் நிறைந்திருக்கும், அன்று வண்டி தள்ளுவது உங்களுக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம். முஸ்தஃபா கடைக்குள் இடைவழிகள் அவ்வளவு குறுகல், இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் ஒதுங்க வேண்டும். அங்கே பிள்ளையை அழைத்துப் போவதே வேண்டாம். ஒருவர் அவனோடு அறையில் இருக்க, மற்றவர்கள் போய் வாருங்கள். வீரமாகாளியம்மன் கோயிலிலும் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலும் செருப்பைப் போலவே வண்டியையும் வெளியே விட்டுவிடலாம். பையும் பாஸ்போர்ட்டும் மட்டும் கையோடு இருக்கட்டும்.

ஹாக்கர் சென்டர் என்ற உணவுக் கூடங்களில் மேசை, நாற்காலி எல்லாம் தரையோடு பொருத்தப்பட்டவை. விரித்த வண்டியை மேசையோரம் நிறுத்தினால் வழி அடைபடும், சூடான சூப் தட்டோடு நடப்பவர்கள் தடுக்கிவிழுவார்கள். ஓரமாக மடக்கி வையுங்கள்.

இனி எந்த வண்டி என்பது. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நம் ஊரில் விற்கும் ஸ்ட்ரோலர்களில் பலவற்றின் தாங்கும் எடை 15 கிலோ. பட்டையிலோ பெட்டியிலோ எழுதியிருக்கும், பாருங்கள். உங்கள் பையன் அதைத் தாண்டியிருப்பான். ஐரோப்பியத் தரமான இஎன் 1888ல் 15 கிலோ வரைக்கும் ஒரு பகுதி, அதற்கு மேல் 22 கிலோ வரைக்கும் தனியாக இன்னொரு பகுதி இருக்கிறது. 22 கிலோ என்று போட்ட வண்டியாகப் பார்த்து வாங்கினால் ஐந்து, ஐந்தரை வயது வரை கவலையில்லை. எடை தாண்டிய பிள்ளையை உட்கார வைத்தால் உடனே ஒடிந்துவிடாது. நடைபாதை விளிம்பில் இறக்கி ஏற்றும்போது முன்சக்கரத்தின் மூட்டில்தான் பிளவு விடும், அதுவும் பயணத்தின் நடுவில்.

முதுகுச் சாய்மானம் பின்னால் சரிய வேண்டும், இது கட்டாயம். குடை மாதிரி மடங்கும் மிக மலிவான வண்டிகளில் பல நிமிர்ந்தே நிற்கும். தூங்கும் பிள்ளையின் தலை முன்னால் தொங்கும், நீங்கள் ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டே தள்ளுவீர்கள். பையனைக் கடைக்கே கூட்டிப் போய் உட்கார வைத்துப் பாருங்கள். மேல்கூரை தலையில் இடிக்கிறதா, கால் தரையில் உரசுகிறதா என்பது அவன் உட்கார்ந்தால்தான் தெரியும். ஒரு கையால் மடக்க வர வேண்டும், ஏனென்றால் இன்னொரு கையில் அவன் கை இருக்கும். எடை 7 கிலோவுக்குள் இருந்தால் நல்லது.

மெல்லிய வண்டியில் ஒரு அபாயம் இருக்கிறது. வாங்கிய சாமானையெல்லாம் கைப்பிடியில் மாட்டிவிடுவோம். பையன் உட்கார்ந்திருக்கும் வரை நிற்கும். அவன் சட்டென்று இறங்கினால் வண்டி அப்படியே பின்னால் சாயும். சாமான் போனால் போகட்டும், பெல்ட் போட்டபடி பாதி எழுந்த நிலையில் இருந்தால் பிள்ளையும் சேர்ந்து விழுவான். கனமானதைக் கீழே கூடையில் வையுங்கள். கைப்பிடியில் தண்ணீர் பாட்டிலுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

விமானத்தில் எப்படி என்று கேட்பீர்கள். பல நிறுவனங்கள் கைச்சாமானுக்கு 55 × 35 × 25 சென்டிமீட்டர், 7 கிலோ என்று வைத்திருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மூன்று அளவையும் கூட்டி 115 சென்டிமீட்டருக்குள் இருக்கச் சொல்கிறது. இந்த வித்தியாசம் முக்கியம். பயணத்துக்கென்றே பேர் பெற்ற யோயோ வண்டி மடக்கினால் 52 × 44 × 18. கூட்டினால் 114, அந்தக் கணக்கில் உள்ளே வந்துவிடும். ஆனால் 35 சென்டிமீட்டர் அகலம் என்று கறாராக இருக்கும் இடத்தில் 44 ஒத்துவராது. ஆகவே கடைக்காரர் "கேபினுக்குள்ளே போகும் மேடம்" என்று சொன்னால் எந்த விமானத்தில் என்று கேளுங்கள். நீங்கள் ஏறப்போகும் நிறுவனத்தின் அளவை எழுதி வைத்துக்கொண்டு டேப்பால் அளந்து பாருங்கள்.

உள்ளே எடுத்துப் போக முடியாவிட்டாலும் குறையில்லை. செக்-இன் கவுன்டரில் வண்டிக்கு டேக் வாங்கிக்கொண்டு விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம், அங்கே மடக்கிக் கொடுத்தால் சரக்கறையில் ஏற்றுவார்கள். கைக்குழந்தையின் வண்டியை இலவசமாக ஏற்றும் நிறுவனங்கள் நிறைய. உங்கள் பையனுக்குத் தனி டிக்கெட் என்பதால் சிலர் அதை அவன் சாமான் கணக்கில் சேர்ப்பார்கள். அவனுக்கென்று தனிச் சாமான் அளவு இருக்குமே, ஆறேழு கிலோ அதில் அடங்கிவிடும். கொடுப்பதற்கு முன் கழற்றக் கூடிய தட்டு, கோப்பை வளையம் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். ஒரு துணி உறையில் போட்டு, உங்கள் பெயரும் எண்ணும் எழுதிக் கட்டுங்கள், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம், இறங்கும் ஊரில் அது விமான வாசலில் கிடைக்குமா, பெட்டிகள் வரும் பெல்ட்டில் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். பெல்ட்டில் என்றால் அதுவரைக்கும் நடக்க வேண்டும், அல்லது சாங்கியின் இலவச வண்டி.

உங்கள் கணவரின் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மாமியாரும் "நாலு வயசுப் புள்ளைக்கு வண்டியா, காலு எதுக்கு இருக்கு" என்று கேட்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதிலுமாகச் சேர்த்து குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது. ஸ்ட்ரோலரில் கட்டி ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. (தூக்கம் 10 முதல் 13 மணி நேரம், மதியத் தூக்கமும் சேர்த்து. பயணத்தில் முதலில் அடிபடுவது இதுதான்.) ஆகவே வண்டி இருக்கிறதே என்று காலையில் வாசலிலேயே ஏற்றி உட்கார வைத்துவிடாதீர்கள். நாம் வேகமாகப் போக வேண்டும், அவன் குறுக்கே ஓடக்கூடாது என்பதற்காகப் பிள்ளையைக் கட்டிப்போடுவதை இங்கே நிறையப் பார்க்கிறேன், எனக்கு வருத்தமாக இருக்கும். அவன் முதலில் நடக்கட்டும், வண்டியில் பையும் குடையும் வரட்டும். கார்டன்ஸ் பை த பே 101 ஹெக்டேர் தோட்டம், அங்கே பிள்ளைகள் தண்ணீரில் நனைந்து விளையாட ஓர் இடமே இருக்கிறது. ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். அவனாக வந்து "கால் வலிக்குது" என்று சொல்லும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

ஏறுவானா என்றால், ஒரு வருடம் வண்டியை விட்ட பிள்ளை முதலில் "நான் பாப்பா இல்ல" என்பான். அதற்கு வழி, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது. கடற்கரைக்கோ பூங்காவுக்கோ போகும்போது எடுத்துப் போங்கள். அவனே தள்ளட்டும், அவன் பொம்மையை உட்கார வைக்கட்டும், விரிப்பதும் பிரேக் போடுவதும் அவன் வேலையாக இருக்கட்டும். விமான நிலையத்தில் முதல்முறையாகக் காட்டினால் மறுத்துவிடுவான்.

டிசம்பர் என்றதும் மழையைச் சொல்லாமல் விட முடியாது. வடகிழக்குப் பருவமழை இங்கேயும் அப்போதுதான், வருடத்தில் மழை அதிகமான மாதங்களில் அது ஒன்று. சில நாள் மணிக்கணக்கில் விடாமல் பெய்யும். வண்டிக்கு அளவான பிளாஸ்டிக் மழை உறை வாங்கிவிடுங்கள், காற்றுத் துளை உள்ளதாக. மழை நின்றதும் உறையை எடுத்துவிட வேண்டும், இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்குள் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். வெயிலுக்கு மறைக்க வண்டி முழுவதும் துப்பட்டாவைப் போர்த்துகிறார்கள், அதையும் செய்யாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும். கூரையை இழுத்துவிட்டால் போதும். மால்களிலும் ரயிலிலும் ஏசி குளிர் ஜாஸ்தி, தூங்கும் பிள்ளைக்கு ஒரு மெல்லிய போர்வை கூடையில் இருக்கட்டும்.

எல்லாப் பயணத்துக்கும் நான் ஆம் என்று சொல்ல மாட்டேன். இதையே ஒருவர் மதுரை, ராமேஸ்வரம் போகிறோம் என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். கார் கூடவே நிற்கும், தூங்கினால் பின்சீட்டில் படுக்க வைக்கலாம். கோயிலுக்குள் வண்டி போகாது, தெருவில் தள்ள நடைபாதையும் இல்லை. கூட வரும் கார்தான் அங்கே வண்டியின் வேலையைச் செய்கிறது.

கோலாலம்பூர் இந்த இரண்டுக்கும் நடுவில். சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் போவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏற வேண்டும், பாலத்தைத் தாண்டி ஜொகூரில் மறுபடி இறங்க வேண்டும், மலேசியப் பக்கம் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விடுமுறைக் காலத்தில் வரிசை நீளும். தூங்குகிற பிள்ளை, மாமியார், நாலு பெட்டி என்றால் விமானத்தில் போய்விடுவதே மேல், பறக்கும் நேரம் ஒரு மணிதான். ஊருக்குள் நடைபாதை ஒரே சீராக இருக்காது, உடைந்தும் உயர்ந்தும் கிடக்கும், பைக் நிற்கும். ஆனால் இரட்டைக் கோபுரத்துப் பக்கமிருந்து புக்கிட் பிந்தாங் வரை மேலேயே போகும் ஏசி நடைபாலம் இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்கு மேல், அதில் வண்டி அருமையாக உருளும். கோபுரத்தின் அடியில் உள்ள பூங்காவில் பிள்ளைகள் விளையாட்டுத் திடலும் ஆழமில்லாத நீர்த் தடாகமும் உண்டு. அங்கே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவனை ஓட விடுங்கள்.

பத்துமலைக்குப் போகும் அன்று வண்டியை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். 140 அடி முருகன் சிலைக்குப் பக்கத்தில் தொடங்கும் படிகள் 272, செங்குத்து. உங்கள் பையன் முதல் நூறை ஓடியே ஏறிவிடுவான், அப்புறம்தான் கையை நீட்டுவான். அதற்கு முதுகில் கட்டிக்கொள்ளும் பெரிய பிள்ளைகளுக்கான கேரியர் ஒன்று போதும், 20 கிலோ தாங்கும் என்று போட்டதாக. அது இல்லாவிட்டால் இடையிடையே உட்கார வைத்து, மெதுவாக ஏறுங்கள். வெயிலுக்கு முன்னால், எட்டு மணிக்குள் போய்விட்டால் கூட்டமும் குறைவு. மாமியாருக்கு முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அவர் கீழே இருக்கட்டும், நீங்களும் கணவரும் மாறி மாறிப் பையனோடு ஏறலாம். படியெல்லாம் குரங்குகள். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பை, பையன் கையில் பிஸ்கட், இரண்டும் பறிபோகும், அதோடு பிள்ளை பயந்தும் போவான். தின்பதெல்லாம் ஜிப் போட்ட பைக்குள் இருக்கட்டும். மேலே போய் சுவாமி கும்பிட்டு இறங்கிய பிறகு கீழே உள்ள கடைகளில் தோசை சாப்பிடலாம், ரயில் நிலையம் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திரும்பும் ரயிலில் அவன் தூங்கிவிட்டால் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கார் பிடித்து ஹோட்டலுக்குப் போய்விடுங்கள், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு நடக்க வேண்டாம்.